எழுபத்தொரு மருந்துத் தாள்கள்

மார்ச் 4, செவ்வாய்

இந்த டைரி வேலைக் குறிப்புக்கு மட்டும். வீட்டு விஷயம் எழுதக் கூடாது என்று முதல் பக்கத்திலேயே எழுதிவைக்கிறேன். போன டைரியில் பாதியைத் தண்ணீர் மோட்டார் பிடித்துக்கொண்டது.

மருத்துவமனை வேலை கைக்கு வந்துவிட்டது. இதயப் பிரிவுக்குத் தொடர்ந்து வந்துபோகும் நோயாளிகளின் மருந்துத் தாள்கள், மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது. ஒவ்வொன்றும் ஒரு வேர்டு கோப்பு. எந்த மாத்திரை, காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று தமிழில் இருக்கும். நோயாளியின் வீட்டார் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து மாத்திரை கொடுப்பார்கள். பதினைந்து வருடமாக யார் யாரோ, ஏதேதோ பழைய ஃபாண்டில் தட்டச்சு செய்தவை. வேறு கணினியில் திறந்தால் ஜிலேபி பிழிந்தது போல இருக்கும். எல்லாவற்றையும் எந்தக் கணினியிலும் திறக்கும் யூனிகோடுக்கு மாற்றி, ஒரே எழுத்தில், ஒரே அளவில், புதிய முகப்புடன் தர வேண்டும். பதினான்காம் தேதி தரச் சான்றுக்கு ஆய்வுக் குழு வருகிறதாம்.

கையால் செய்தால் நான்கு பேருக்கு இரண்டு மாதம் ஆகும். நான் கம்ப்யூட்டரில் நிரல் எழுதிச் செய்வேன். பாளையங்கோட்டையில் இதற்கு என்னை விட்டால் ஆள் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான்.

பெண்டிரைவைக் கொடுத்தது அந்தப் பிரிவின் மூத்த நர்ஸ் ஜெபராணி சிஸ்டர். "அண்ணாச்சி, ஓட்டுறதுக்கு முன்ன என்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க. இந்தத் தாள்ல நாங்களா வச்சிருக்க வழக்கம் சிலது உண்டு" என்றார். சரி என்றேன். எல்லா அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இருப்பார்.

மார்ச் 6, வியாழன்

கொம்பு உயிரை வாங்குகிறது.

வேர்டு கோப்பில் ஒரு பத்தி என்பது ஒரே துண்டு இல்லை. எழுத்து தடிக்கும் இடம், நிறம் மாறும் இடம் என்று அது உள்ளுக்குள் வெட்டி வெட்டி வைத்திருக்கும். காரணமே இல்லாமலும் வெட்டும். பழைய ஃபாண்டில் "கொ" என்பது மூன்று எழுத்து: கொம்பு, க, கால். கொம்பு ஒரு துண்டின் கடைசியிலும் க அடுத்த துண்டின் தலையிலும் போய் உட்கார்ந்துவிட்டால், துண்டு துண்டாக மாற்றும் என் நிரலுக்கு இரண்டும் சேர்ந்தவை என்று தெரியாது. "கொழுப்பு" எல்லாம் கொலையாகி வருகிறது.

பகலில் ஒரு வழி தோன்றியது. துண்டுகளைப் பார்க்கவே வேண்டாம். பத்தி முழுவதையும் ஒரே சரமாக எடுத்து, மாற்றி, உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதிவிடுவது. தடித்த எழுத்து எங்கே இருந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துத் திரும்பப் போட்டேன். நாற்பது வரி நிரல் ஒன்பது வரியானது. எழுந்து போய் டீ குடித்தேன்.

மார்ச் 7, வெள்ளி

பத்துக் கோப்புகளில் சோதனை. ஒரு கொம்புகூடத் தவறவில்லை. ஒன்றில் மட்டும் யாரோ அழிக்க வேண்டிய வரியை அழிக்காமல், அதன் மேல் குறுக்குக் கோடு போட்டு விட்டிருந்தார்கள். என்ன சோம்பேறித்தனமோ. நம் நிரல் கோட்டையும் துடைத்துவிட்டது, பார்க்கச் சுத்தமாக இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

ஓட்டிவிட்டேன். ஆயிரத்து நூற்று நாற்பது கோப்புகள், பதினொரு நிமிடம்.

நடுவில் சிஸ்டர் இரண்டு முறை கூப்பிட்டார். நிரல் ஓடும்போது நான் போன் எடுப்பதில்லை. முடிந்ததும் கூப்பிடலாம் என்றிருந்தேன், அதற்குள் என் மனைவி பகவதி, மோட்டார் ஓடவில்லை என்று மாடியிலிருந்து கத்தினாள். எழுதக் கூடாதென்றாலும் நுழைந்துவிடுகிறது.

மார்ச் 14, வெள்ளி

ஆய்வுக் குழுவில் ஒருவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம். "அச்சகத்தில் கொடுத்தீர்களா?" என்று கேட்டாராம். நிர்வாக அலுவலர் தாமோதரன் சார் போனில் சொன்னார். இன்று முதல் பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் புதிய தாள்தான்.

பகவதியிடம் சொன்னேன். "நல்லதுங்க" என்றாள். அவ்வளவுதான் அவள் பாராட்டு.

மார்ச் 22, சனி

மோட்டார் மறுபடியும் போச்சு.

ஏப்ரல் 2, புதன்

காலை பத்து மணிக்கு ஜெபராணி சிஸ்டர். குரல் சரியில்லை. "அண்ணாச்சி, கம்ப்யூட்டரோட வந்துருங்க" என்றார். போனேன்.

மேசையில் ஒரே நோயாளியின் இரண்டு தாள் நகல்களை வைத்தார். சனவரித் தாளில் ஒரு மாத்திரையின் வரி மேல் குறுக்குக் கோடு. அது ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் பழைய மாத்திரை. அதை நிறுத்திவிட்டு அதே வேலைக்கு வேறொன்று கொடுத்திருக்கிறார்கள், அது கீழே கோடில்லாமல் இருந்தது. மார்ச் மாதத் தாள் என்னுடையது. இரண்டு மாத்திரையும் ஒரே அழகில், ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன.

"நிறுத்துன மாத்திரைய ஏன் அழிக்காம வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"அழிச்சிட்டா, வீட்டுல மிச்சம் கெடக்க அட்டையப் பாத்து, 'இத எழுத விட்டுட்டாவ போல'ன்னு குடுத்துருதாங்க அண்ணாச்சி. அதனால பேரைப் போட்டு மேல கோடு இழுத்துருவோம். இது வேண்டாம்னு கண்ணால பாக்கணும்லா. பத்து வருசமா இப்பிடித்தான். இதச் சொல்லத்தான் அன்னைக்கு ரெண்டு தடவ கூப்பிட்டேன்."

பேச்சியம்மாள், அறுபத்தொரு வயது, முன்னீர்பள்ளம். இரண்டு வாரம் இரண்டு மாத்திரையும் சாப்பிட்டிருக்கிறார். நேற்று மயங்கி விழுந்தார். தலைக்குள் ரத்தக் கசிவு. தீவிர சிகிச்சையில் இருக்கிறார்.

அங்கேயே உட்கார்ந்து பழைய கோப்புகளில் கோடு போட்ட வரி எத்தனையில் இருக்கிறது என்று தேடும் நிரல் எழுதினேன். மூன்று தடவை பிழை காட்டியது. முன்னூற்று எண்பத்தாறு. அதில் இதுவரை நோயாளி கைக்குப் போனவை எழுபத்தொன்று.

ஏப்ரல் 3, வியாழன்

இன்று முழுவதும் போன். மருத்துவமனையின் பின்னறையில் நானும் சிஸ்டரும் எழுபது பேரைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டோம். எழுபத்தோராவது ஆளுக்குப் போன் செய்ய வேண்டியதில்லை, மேல் மாடியில் இருக்கிறார்.

தாமோதரன் சார் வந்து நின்றார். "அந்த மாத்திரை வேண்டாம்னு மட்டும் சொல்லுங்க. ஏன்னு கேட்டா டாக்டர் மாத்திட்டாருன்னு சொல்லுங்க. எழுத்துல ஒண்ணும் வேண்டாம்." அப்படியே சொன்னேன். முப்பத்தைந்து தடவை.

பாதிப் பேர், "அது அப்பவே நிறுத்தினதுல்லா, தாள்ல என்ன இருந்தா என்ன" என்றார்கள். தாளை வாங்கி மடித்து வைத்ததோடு சரி, திறந்தே பார்க்கவில்லை என்றார் ஒருவர். மேலப்பாளையத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர், "நான் ஒரு மாத்திரையும் முழுங்கறதில்ல தம்பி, தொட்டியில போட்டுருவேன். வீட்டம்மாகிட்ட சொல்லிராதீங்க" என்றார். எனக்கு அவர் காலில் விழ வேண்டும் போல இருந்தது. தாளை மதிக்காதவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். தாளில் உள்ளபடி வேளை தவறாமல் சாப்பிட்ட ஒரு பொம்பளைதான் மேலே கிடக்கிறாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

நிரலைத் திருத்தினேன். இப்போது ஒவ்வொரு எழுத்தும் தன் மேல் கோடு இருந்ததா இல்லையா என்பதைக் கூடவே எடுத்துக்கொண்டு போகும். ஆறு வரிதான் கூடுதல். ஆறு வரி.

எல்லாவற்றையும் மறுபடி ஓட்டி, அதே பெயரில், பழையதன் மேலேயே சேமித்தேன். தவறான கோப்பு எதுவும் எங்கும் இருக்கக் கூடாது என்றார் தாமோதரன் சார். என் கணினியிலிருந்தும் அழிக்கச் சொன்னார். அழித்தேன். எழுபத்தொரு தாளையும் திரும்ப அச்சடிக்கும்போது, "தேதியை மட்டும் மாத்த வேண்டாம். போன மாசம் குடுத்த தேதியே இருக்கட்டும்" என்றார். ஒரு நோயாளிக்கு இரண்டு தேதியில் தாள் இருந்தால் குழப்பம் என்பது அவர் கணக்கு. நியாயம்தான். மாற்றவில்லை. தாள்கள் அத்தனையையும் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 5, சனி

பெண்டிரைவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அதற்காக மேல் மாடிக்குப் போக வேண்டியதில்லை. போனேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நாற்காலி இருந்தும் தரையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். மடியில் பிளாஸ்டிக் உறை. என் கையில் மருத்துவமனை முகப்பு போட்ட கவர் இருந்ததைப் பார்த்து எழுந்துவிட்டாள்.

"சார், நீங்க ஆபீஸா?"

"ஆமா" என்று வந்துவிட்டது வாயில்.

"நான் பேச்சியம்மா மக. முப்பிடாதி. இந்தத் தாள ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க சார். எங்கம்மைக்கு ரெண்டு மாத்திரையச் சேத்துக் குடுத்ததுதான் காரணம்னு டாக்டர் சொல்லுதாவ. சனவரில ஒண்ண நிறுத்தச் சொன்னாவ, நிறுத்துனேன். போன மாசம் தாள்ல மறுபடியும் அது இருந்துச்சு. திரும்ப ஆரம்பிக்கச் சொல்லுதாவன்னுதான் நெனச்சேன். வீட்டுல ஒரு அட்டை கெடந்துச்சு, தீந்ததும் கடையில தாளக் காட்டி வாங்குனேன். ஒரு வேள தவறல சார். செல்லுல அலாரம் வச்சுக் குடுத்தேன். நான் எங்க தப்பு பண்ணேன்?"

தாளைக் கையில் வாங்கினேன். ஓரம் சரியாக இருந்தது. வரிக்கு வரி இடைவெளி சரியாக இருந்தது. கொம்பு ஒன்றுகூடத் தவறவில்லை.

"டாக்டர்ட்ட கேளுங்கம்மா" என்று திருப்பிக் கொடுத்தேன். "சரி சார்" என்றாள். நன்றி வேறு சொன்னாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

எனக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. கோடு போட்டால் நிறுத்திய மருந்து என்று யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. கோப்பில் எழுத்து என்பது விஷயம், கோடு என்பது அலங்காரம். இந்தத் தொழிலில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். மாத்திரையை நிறுத்துவதை ஒரு கோட்டை நம்பி விடுவார்களா?

பகவதி மத்தியானம் சோறு போடும்போது, "ஆஸ்பத்திரியில என்னங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். குழம்பில் உப்பில்லை என்று சத்தம் போட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 8, செவ்வாய்

இந்த டைரியை முதலிலிருந்து படித்தேன். மார்ச் 7 அன்று எழுதியிருப்பதைப் படித்தேன்.

தெரிய வாய்ப்பு இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுச் சுத்தமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறேன். சிஸ்டருக்கு ஒரு போன் போட்டிருந்தால், என்ன கோடு இது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஆள் கேட்கச் சொல்லியும் கேட்கவில்லை. போன் வந்தும் எடுக்கவில்லை. எனக்கு எல்லாம் தெரியும் என்ற திமிர்.

முந்தாநாள் எழுதியதை அடிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். வேண்டாம், அந்தப் பொய்யும் இருக்கட்டும்.

ஏப்ரல் 9, புதன்

பேச்சியம்மாள் இறந்துவிட்டார். காலை ஆறே கால்.

ஏப்ரல் 10, வியாழன்

கணினியைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 12, சனி

சிஸ்டர் கூப்பிட்டார். மருத்துவமனை கொடுத்த அறிக்கையில், வீட்டில் மருந்து தவறாகக் கொடுக்கப்பட்டதால் மரணம் என்று இருக்கிறதாம். பேச்சியம்மாளின் மகன் திருப்பூரிலிருந்து வந்து அதைப் படித்திருக்கிறான். அம்மையைக் கொன்றவள் என்று துக்க வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டானாம். தங்கச்சியைச் சடலத்தின் பக்கத்தில் விடவில்லையாம்.

"நாம சொல்லணும் சிஸ்டர்" என்றேன்.

"எனக்கு ஓய்வுக்கு ரெண்டு வருசம் இருக்கு அண்ணாச்சி. என்னைய விட்டுருங்க. நான் ஏற்கெனவே செய்யக் கூடாதத செஞ்சிருக்கேன்" என்று அழுதார். என்ன செய்தீர்கள் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

தாமோதரன் சாரைக் கூப்பிட்டேன். "அழிச்சதுக்கு அப்புறம் எத வச்சுய்யா பேசுவீரு? உம்ம தொழிலப் பாரும்" என்றார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பகவதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அந்தப் புள்ளைகிட்டப் போய்ச் சொல்லுங்க. போலீஸ்னாலும் பரவால்ல, நான் இருக்கேன்" என்றாள். பிறகு எழுந்து போய் மோட்டாரைப் போட்டாள்.

ஏப்ரல் 16, புதன்

முன்னீர்பள்ளம் போய்வந்தேன்.

ஒரு தாளில் நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனேன். ஆவுடையப்பன் ஆகிய நான், என்று தொடங்கி. கையாலேயே எழுதினேன். பஸ்ஸில் அதையே மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அடி விழும் என்று நினைத்தேன். விழட்டும் என்றுதான் போனேன்.

அண்ணன் வெளியே போயிருந்தான். வீட்டில் முப்பிடாதியும் அவள் அப்பாவும் மட்டும். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சில்லை, கட்டிலில் படுத்தபடி என்னையே பார்த்தார். அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "வாங்க சார், ஆபீஸ் சார்லா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். நான் ஆஸ்பத்திரி ஆள் இல்லை, தாளைக் கம்ப்யூட்டரில் மாற்றிக் கொடுத்தவன். நிறுத்திய மாத்திரை மேல் கோடு இருந்தது. என் புரோகிராம் அதை எடுத்துவிட்டது. உங்கள் மேல் தப்பில்லை. தாள் தப்பு. தப்பு நான் செய்தது.

அவள் உள்ளே போய் அந்தப் பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"கோடு இருக்கே சார்."

இருந்தது. பழைய மாத்திரையின் வரி மேல், ஓரம் முதல் ஓரம் வரை, நேரான குறுக்குக் கோடு. மேலே மார்ச் 17 என்று தேதி. ஏப்ரல் 4 அன்று பழைய தேதியிலேயே நான் அச்சடித்த எழுபத்தொன்றில் ஒன்று. செய்யக் கூடாததைச் செய்திருக்கிறேன் என்று சிஸ்டர் சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"இது அந்தத் தாள் இல்லம்மா. இது பெறகு வச்சது. உங்கம்மை உள்ள இருக்கும்போது மாத்தி வச்சிருக்காங்க. அன்னைக்கு நீங்க என்கிட்ட காட்டுனதுல கோடு கெடையாது."

"யாரு சார் மாத்துவா? இத என் கையில இருந்து ஜெபராணி சிஸ்டரத் தவிர யாரும் வாங்கல. அவ்வொ எங்கம்மைக்காவ அழுதவ்வொ. அவ்வொளப் போயி சொல்லாதீங்க." சொல்லிவிட்டு, என்னைச் சமாதானம் செய்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்: "நீங்களும் அன்னைக்குப் பாத்தீயள்லா சார். படிச்ச ஆளு, உங்க கண்ணுக்கே படல. மெல்லிசுக் கோடுதான. நான் விடியக்காலம் லைட்டு போடாம பாத்துக் குடுத்தேன். எங்கண்ணன் சொல்லுதது சரிதான்."

நான் என்னென்னவோ சொன்னேன். கோப்பு, ஃபாண்ட், பத்தி, துண்டு. எனக்கே அது பைத்தியக்காரன் பேச்சு போல இருந்தது. எழுதிக் கொண்டுபோனதை நீட்டினேன். முழுவதும் படித்தாள். நிதானமாக, ஒரு வரி விடாமல் படித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"எங்கண்ணன் இதப் பாத்தா, யாரப் புடிச்சு எழுதி வாங்குனன்னு கேப்பான். ஆறுதலுக்குச் சொல்ல இம்புட்டுத் தூரம் வந்தியளே சார், அது போதும். தாள் தானா மாறுமா?"

அவள் அண்ணன் வரட்டும், அவனிடம் சொல்கிறேன் என்று நின்றேன். அவன் இரவுதான் வருவான் என்றாள். தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். கட்டிலில் இருந்தவர் ஏதோ சத்தம் கொடுத்தார், போய் அவரைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு வந்தாள்.

வாசல் வரை கூடவே வந்தாள். செருப்பை மாட்டும்போது கேட்டாள்:

"சார், உங்களுக்கு டவுன்ல கண்ணு டாக்டர் யாரும் தெரியுமா? நாளைக்குப் போலாம்னு இருக்கேன். எங்கப்பாவுக்கும் நான்தான மாத்திர குடுக்கணும்."